433 ஹோம் ரன் அடித்த மைக் ஹெஸ்மன் ஏன் மேஜர் லீகில் நிலைக்கவில்லை?

கேள்வி இதுதான்: அமெரிக்க மைனர் லீக் பேஸ்பாலில் 433 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி, பந்தை வேலி தாண்டி அடிப்பது) அடித்த மைக் ஹெஸ்மன், அதற்கு மேலே உச்சியில் உள்ள மேஜர் லீகில் மொத்தமே 109 ஆட்டங்கள்தான் ஆடினார். அவ்வளவு அடித்தவர் ஏன் மேலே நிலைக்கவில்லை? இப்படி ஊர் மாறி அணி மாறி ஆடுகிற இன்ஃபீல்டர்களின் (பேஸ்களை ஒட்டி உள்வட்டத்தில் நிற்பவர்கள்) வாழ்க்கை எப்படி இருக்கும்?

முதலில் என் பதில். ஹெஸ்மனிடம் ஒரு பெரிய பலம் இருந்தது, ஒரு பெரிய குறையும் இருந்தது. அந்தக் குறையைப் பொறுத்துக்கொண்டு அவரைத் தொடர்ந்து ஆடவைக்கும் இடம் அவர் போன எந்த அணியிலும் காலியாக இருக்கவில்லை. அவருடைய கதையைத் தீர்மானித்ததில் பாதி அவர் மட்டை, மறு பாதி அணிப் பட்டியல் விதிகள். இந்த இரண்டாவது பாதியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதால்தான் விரிவாக எழுதுகிறேன்.

மைனர் லீக் என்றதும் நம் ஊர் வாசகருக்கு ரஞ்சிக் கோப்பை ஞாபகம் வரலாம். ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. ரஞ்சியில் தமிழ்நாடு ஜெயிக்க வேண்டும் என்பதற்காகத்தான் தமிழ்நாடு அணி இருக்கிறது. மைனர் லீக் அணியோ ஒரு மேஜர் லீக் அணிக்கு ஆள் தயார் செய்து கொடுப்பதற்காக இருக்கிறது. வீரருக்குச் சம்பளம் கொடுப்பது மேலே உள்ள அணி. யார் ஆட வேண்டும், எந்த இடத்தில் ஆட வேண்டும், எப்போது மேலே போக வேண்டும் என்று முடிவு செய்வதும் அதே அணிதான். உள்ளூர் அணி மைதானத்தையும் டிக்கெட்டையும் கவனித்துக்கொள்ளும். சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று படிகள் ஏறும். டிரிபிள்-ஏதான் கடைசிப் படி. அங்கே ஆடுகிறவர்களில் பலர் ஏற்கனவே மேலே போய் வந்தவர்கள்.

ஹெஸ்மன் கலிஃபோர்னியாக்காரர். 1996இல் பள்ளி முடித்த கையோடு அட்லாண்டா பிரேவ்ஸ் அணி அவரை டிராஃப்டில், அதாவது அணிகள் முறை வைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டில், 15வது சுற்றில் எடுத்தது. 15வது சுற்றில் எடுக்கப்படுகிற பையன்மேல் அணி பெரிய பணம் எதுவும் போட்டிருக்காது. முதல் சுற்றில் எடுத்தவன் இரண்டு வருடம் சரியாக அடிக்காவிட்டாலும் காத்திருப்பார்கள், ஏனென்றால் கோடிக்கணக்கில் கொடுத்திருக்கிறார்கள். 15வது சுற்றுக்காரன் ஒவ்வொரு வருடமும் தன் இடத்தைப் புதிதாகச் சம்பாதிக்க வேண்டும். ஹெஸ்மன் மேக்கன், மர்டில் பீச், கிரீன்வில், ரிச்மண்ட் என்று பிரேவ்ஸின் ஒவ்வொரு படியிலும் ஏறினார். அவர் நின்ற இடம் பெரும்பாலும் தேர்ட் பேஸ், சில நேரம் ஃபர்ஸ்ட் பேஸ், இரண்டும் உள்வட்டத்தின் மூலைகள். 2003 ஆகஸ்டில் முதல்முறையாக மேஜர் லீக் சட்டை போட்டபோது அவருக்கு 25 வயது. டிராஃப்ட் முடிந்து ஏழு வருடம் ஆகியிருந்தது.

அவருடைய மேஜர் லீக் கணக்கு முழுவதையும் இங்கே வைத்துவிடலாம், அவ்வளவு சின்னது அது. 2003இல் 19 ஆட்டம், 2 ஹோம் ரன். 2004இல் 29 ஆட்டம், 69 முறை மட்டை பிடித்து 9 ஹிட் (பந்தை அடித்து அவுட் ஆகாமல் பேஸை எட்டுவது) மட்டுமே. 2007இல் டெட்ராய்ட் டைகர்ஸுக்காக 17 ஆட்டம், 4 ஹோம் ரன். 2008இல் 12 ஆட்டம், 5 ஹோம் ரன். 2010இல் நியூயார்க் மெட்ஸுக்காக 32 ஆட்டம், ஒரே ஒரு ஹோம் ரன். கூட்டினால் 223 முறை மட்டை பிடித்து 42 ஹிட், அதில் 14 ஹோம் ரன். பேட்டிங் சராசரி, அதாவது மட்டை பிடித்த முறைகளில் ஹிட் ஆனவற்றின் விகிதம், 0.188.

0.188 என்பது மோசமான எண்தான். மேஜர் லீகில் 0.250 எடுத்தால் சாதாரணம் என்பார்கள். ஆனால் அந்த 42 ஹிட்டில் மூன்றில் ஒரு பங்கு வேலி தாண்டிப் போனவை. 16 முறை மட்டை பிடித்தால் ஒரு ஹோம் ரன் என்ற கணக்கு வருகிறது. ஒரு முழுப் பருவம், சுமார் 550 முறை, அதே வேகத்தில் அடித்தால் 35 ஹோம் ரன்னை ஒட்டி வரும். அப்படி அடிக்கிறவனுக்கு எந்த அணியிலும் இடம் உண்டு. ஐந்து பருவங்களில் துண்டு துண்டாகக் கிடைத்த 223 வாய்ப்பை வைத்து ஒரு முழுப் பருவத்தைக் கணிப்பது நியாயமில்லை என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் அதே 223ஐ வைத்துத்தான் அவரால் முடியாது என்றும் முடிவு கட்டினார்கள்.

அவருடைய குறை என்ன? ஸ்ட்ரைக் அவுட், அதாவது பந்தைச் சரியாக அடிக்க முடியாமல் மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆவது. மைனர் லீகில் மட்டும் 2,000 தடவைக்கு மேல் ஸ்ட்ரைக் அவுட் ஆனவர் அவர். மைனர் லீக் சராசரியே 0.230ஐ ஒட்டித்தான் இருந்தது. டிரிபிள்-ஏ பிட்சர் (பந்து வீசுபவர்) ஒரு ஆட்டத்தில் நாலைந்து பந்தையாவது நடுவில் விட்டுவிடுவான். ஹெஸ்மன் காத்திருந்ததும் அதற்குத்தான், கிடைத்தால் விடமாட்டார். மேஜர் லீகில் அந்தப் பந்து கிடைப்பது அபூர்வம். அங்கே உள்ள பிட்சர்கள் ஒரு பேட்டருக்கு எந்தப் பந்து ஆகாது என்று கண்டுபிடித்துவிட்டால், அவன் அதற்கு மாற்று கண்டுபிடிக்கும்வரை அதையே போட்டுக்கொண்டிருப்பார்கள். மாற்று கண்டுபிடிக்கத் தொடர்ந்து ஆட வேண்டும். வாரத்துக்கு இரண்டு தடவை, எட்டாவது இன்னிங்ஸில் யாருக்காவது பதிலாகப் போய் ஒருமுறை மட்டை பிடிப்பவனால் அதைச் செய்ய முடியாது. சிக்கலே இதுதான்: தொடர்ந்து ஆடவைத்தால்தான் அடிப்பார், அடித்தால்தான் தொடர்ந்து ஆடவைப்பார்கள்.

அவருக்கு முன்னால் யார் நின்றார்கள் என்று பாருங்கள். 2003இல் பிரேவ்ஸின் தேர்ட் பேஸில் வின்னி காஸ்டியா. 2004இல் ஃபர்ஸ்ட் பேஸுக்கு இளைஞர் ஆடம் லரோஷ் வந்துவிட்டார், அந்தப் பருவத்தின் நடுவிலேயே சிப்பர் ஜோன்ஸ் தேர்ட் பேஸுக்குத் திரும்பினார். 2007இல் டைகர்ஸில் தேர்ட் பேஸில் பிராண்டன் இஞ்ச், ஃபர்ஸ்ட் பேஸில் ஷான் கேசி. கேசி போனார், சரி, இனி இடம் திறக்கும் என்று பார்த்தால், அந்த டிசம்பரிலேயே டைகர்ஸ் மிகேல் கப்ரேராவை வாங்கிவந்தது. கப்ரேரா 2008ஐ தேர்ட் பேஸில் தொடங்கினார், சில வாரத்திலேயே ஃபர்ஸ்ட் பேஸுக்கு மாறினார், அப்புறம் வருடக்கணக்கில் அங்கேயே இருந்தார். 2010இல் மெட்ஸில் டேவிட் ரைட்டும் ஐக் டேவிஸும். சிப்பர் ஜோன்ஸ் இன்று பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். கப்ரேரா 500 ஹோம் ரன்னும் 3,000 ஹிட்டும் தாண்டியவர். இவர்களைத் தள்ளிவிட்டு ஹெஸ்மனுக்கு இடம் கொடுக்கச் சொல்லி யாரும் கேட்க முடியாது. ஆனால் ஆள் பற்றாக்குறையான ஒரு பலவீனமான அணியில், 27 வயதில், இரண்டு மாதம் தொடர்ந்து ஆடக் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை. மேஜர் லீகில் ஐந்தாறு வருடமாவது ஆடியிருப்பார் என்பது என் கணிப்பு.

இப்போது விதிகளுக்கு வருவோம். ஒவ்வொரு மேஜர் லீக் அணிக்கும் 40 பேர் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. அதிலிருந்து அன்றாடம் களத்துக்கு வருகிறவர்கள் ஹெஸ்மன் காலத்தில் 25 பேர், 2020 முதல் 26 பேர். 40 பேர் பட்டியலில் இல்லாத ஒருவரை மேலே கூப்பிட வேண்டுமென்றால், பட்டியல் நிரம்பியிருந்தால் வேறொருவரை நீக்க வேண்டும். அப்படி நீக்கப்படுகிறவரை மற்ற 29 அணிகளில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதனால் 20 வயதுப் பையன் ஒருவனை இழந்துவிடுவோமோ என்ற பயத்திலேயே 30 வயதுக்காரரைக் கூப்பிடாமல் விடுவார்கள். பட்டியலில் இருக்கிற இளைஞரை மூன்று பருவங்கள் வரை மற்ற அணிகளிடம் இழக்காமல் மேலும் கீழும் அனுப்பலாம், அதற்கு ஆப்ஷன் என்று பெயர். ஆப்ஷன் தீர்ந்தவரைக் கீழே அனுப்பினால் வேறு அணி தூக்கிக்கொண்டு போகலாம். ஆக, ஒரே அளவு திறமையுள்ள இரண்டு இன்ஃபீல்டர்களில் ஆப்ஷன் மிச்சம் இருப்பவர்தான் அணிக்கு வசதி. டிரிபிள்-ஏயில் நன்றாக அடித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அழைப்பு வராமல் போவதற்கு இவ்வளவு காரணங்கள் இருக்கின்றன, அதில் ஒன்றுகூட அவர் கையில் இல்லை.

அவர் கையில் இருப்பது ஒன்றுதான்: எத்தனை இடத்தில் நிற்க முடியும் என்பது. இப்போது 26 பேரில் 13 பேர் வரை பிட்சர்கள். மீதிப் பேரில் ஒன்பது பேர் ஆடினால் பெஞ்சில் நாலு பேர்தான் மிச்சம். அதில் ஒருவர் மாற்று கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி). அப்படியானால் செகண்ட் பேஸ், ஷார்ட்ஸ்டாப் (செகண்டுக்கும் தேர்டுக்கும் நடுவில் உள்ள இடம்), தேர்ட் பேஸ் மூன்றையும் ஒரே ஆள் சமாளிக்க வேண்டும், தேவைப்பட்டால் அவுட்ஃபீல்டிலும் நிற்க வேண்டும். ஷார்ட்ஸ்டாப்பில் நிற்கத் தெரிந்தவன் சுமாராக அடித்தாலும் வேலை கிடைத்துக்கொண்டே இருக்கும். ஹெஸ்மனைப் போல மூலை இடங்களில் மட்டும் நிற்பவன் நிறைய அடித்தே ஆக வேண்டும், ஏனென்றால் அந்த இடங்களுக்கு அடிக்கிறவர்கள் கூட்டமாக வந்து நிற்பார்கள்.

பிரேவ்ஸ் விட்டதும் 2005இல் டைகர்ஸின் டிரிபிள்-ஏ அணியான டொலீடோ மட் ஹென்ஸுக்கு வந்தார். அவர் பெயர் இன்றும் அந்த ஊரோடுதான் சேர்த்துச் சொல்லப்படுகிறது. டொலீடோ ஓஹையோ மாநிலத்தில், டெட்ராய்டிலிருந்து நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத் தூரம். மேஜர் லீக் மைதானம் அவ்வளவு பக்கத்தில் இருக்க, ஐந்து பருவம் அங்கே ஆடினார். 2005இலும் 2006இலும் மட் ஹென்ஸ் தான் ஆடும் டிரிபிள்-ஏ லீகான இன்டர்நேஷனல் லீகின் கோப்பையை வென்றது. 2005க்கு முன்னால் அந்த ஊர் கோப்பையைப் பார்த்தது 1967இல். 2007இல் ஹெஸ்மன் 31 ஹோம் ரன் அடித்து லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றார். 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்கு ஆடி வெண்கலம் வாங்கினார். மேஜர் லீக் தன் பருவத்தை நிறுத்தி வீரர்களை அனுப்பாததால், ஒலிம்பிக் அணி மைனர் லீக் ஆட்களை வைத்தே அமைந்தது. பெய்ஜிங்கிலிருந்து திரும்பியதும் டைகர்ஸ் கூப்பிட்டது, அப்போது அடித்ததுதான் அந்த 12 ஆட்டத்தில் 5 ஹோம் ரன். சராசரி 0.296. அவ்வளவு அடித்தவருக்கு அடுத்த வருடம் மேலே ஒரு ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை என்பதை எழுதும்போது இப்போதும் எனக்கு மனம் ஆறவில்லை.

அப்புறம் மெட்ஸின் டிரிபிள்-ஏ அணியான பஃபலோ, மெட்ஸ், 2011இல் ஜப்பானின் ஓரிக்ஸ் பஃபலோஸ், 2012இல் ஓக்லஹோமா சிட்டி, 2013இல் லூயிவில். ஜப்பானில் ஒரு வருடத்துக்கு மேல் நீடிக்கவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு ஜப்பானும் கொரியாவும் வெறும் அனுபவம் அல்ல, கையில் நல்ல காசு சேரும் ஒரே வாய்ப்பு பல நேரம் அதுதான். திரும்பிவந்து 34 வயதில் ஓக்லஹோமா சிட்டிக்கு 35 ஹோம் ரன் அடித்தார். 2014இல் மறுபடி டொலீடோ. அந்த வருடம் இன்டர்நேஷனல் லீகில் ஆலி கார்னகி வைத்திருந்த 258 ஹோம் ரன் சாதனையைத் தாண்டினார், கடைசியில் 288இல் நிறுத்தினார். 2015 ஆகஸ்ட் 3 அன்று, டொலீடோ மைதானத்தில், லீஹை வேலி அணிக்கு எதிராக, மூன்று பேஸிலும் ஆள் நிற்க ஒரு கிராண்ட் ஸ்லாம் அடித்தார். அது 433வது. பஸ் ஆர்லெட் 1937இல் விட்டுப்போன 432 என்ற எண் 78 வருடத்துக்குப் பிறகு உடைந்தது. மெக்சிக்கன் லீகையும் சேர்த்தால் எக்டர் எஸ்பினோதான் முதலிடம், 484. அமெரிக்க மண்ணில் உள்ள லீகுகள் என்றால் ஹெஸ்மன்.

ஆர்லெட்டின் கதையும் இதே மாதிரிதான். 1931இல் ஒரே ஒரு வருடம் பிலடெல்பியாவுக்கு மேஜர் லீக் ஆடினார், 0.313 எடுத்து 18 ஹோம் ரன் அடித்தார், அதன்பின் மேலே அவருக்கு ஒரு ஆட்டமும் இல்லை.

பணத்தைப் பற்றிக் கேட்காமல் இந்தக் கேள்வி முழுமையாகாது. 2021க்கு முன்னால் டிரிபிள்-ஏயில் குறைந்தபட்சச் சம்பளம் வாரத்துக்கு 502 டாலர், சிங்கிள்-ஏயில் 290 டாலர். அதுவும் ஆட்டம் நடக்கும் ஐந்து மாதத்துக்கு மட்டும். வசந்தகாலப் பயிற்சிக்குச் சம்பளம் கிடையாது, வீட்டு வாடகை கைப்பணம். பலரும் குளிர்காலத்தில் கிடங்கு வேலையோ பையன்களுக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுக்கும் வேலையோ பார்த்தார்கள். ஹெஸ்மன் மாதிரி அனுபவமுள்ள டிரிபிள்-ஏ ஆட்டக்காரர் இதைவிட நன்றாகவே பேசி வாங்குவார், அதனால்தான் அவர்களால் 35 வயதுவரை குடும்பத்தை வைத்துக்கொண்டு ஆட முடிகிறது. ஆனால் மேலே 2008இல் குறைந்தபட்சமே வருடத்துக்கு 3,90,000 டாலர். நாள் கணக்கில் பார்த்தால் 2,000 டாலருக்கு மேல். மேலே ஒரே ஒரு நாள் பட்டியலில் இருந்தால் மருத்துவக் காப்பீட்டுக்கு உரிமை வருகிறது, 43 நாள் இருந்தால் ஓய்வூதியம். செப்டம்பரில் பத்து நாள் மேலே கூப்பிட்டார்கள் என்ற செய்தியைக் கேட்டு ஒரு 33 வயதுக்காரர் ஏன் அழுகிறார் என்று இதை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

டிரூ மேகியை எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் இன்ஃபீல்டர், அவரும் 15வது சுற்று, 2010இல் பிட்ஸ்பர்க் எடுத்தது. 13 பருவம், 1,155 மைனர் லீக் ஆட்டங்கள். 2021 செப்டம்பரில் மினசோட்டா மேலே கூப்பிட்டு, சில நாள் பெஞ்சில் உட்காரவைத்து, ஒரு பந்துகூட ஆடவிடாமல் திருப்பி அனுப்பியது. அதோடு அவர் ஆட்டத்தை விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 2023இல் பிட்ஸ்பர்க்கின் டபுள்-ஏ அணியான அல்டூனாவில் ஆடிக்கொண்டிருந்தபோது, மேலே ஒரு வீரர் துக்க விடுப்பில் போக, மேகியைக் கூப்பிட்டார்கள். ஏப்ரல் 26 இரவு ஆண்ட்ரூ மக்கட்சனுக்குப் பதிலாக மட்டையோடு வந்தார். மைதானமே எழுந்து நின்று அவர் பெயரைச் சொல்லிக் கூவியது. ஸ்ட்ரைக் அவுட் ஆனார். மூன்று நாள் கழித்து வாஷிங்டனில் முதல் ஹிட் அடித்தார். மூன்று ஆட்டம், ஆறு முறை மட்டை, இரண்டு ஹிட். அப்புறம் கீழே அனுப்பிவிட்டார்கள். அவருக்கு அப்போது வயது 33.

மேலே போவது மட்டுமே அளவுகோல் என்று நான் நினைக்கவில்லை. கனடாவின் விண்ட்சரிலிருந்து வந்த ஸ்டபி கிளாப் என்ற செகண்ட் பேஸ்காரர் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்காக 2001இல் 23 ஆட்டம் மட்டும் ஆடினார். ஆனால் அவர்களுடைய டிரிபிள்-ஏ ஊரான மெம்ஃபிஸ் அவரைத் தன் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டது. 2007இல் அவருடைய 10ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று அந்த அணி முடிவு செய்தது. பத்து வருடம் கழித்து அதே அணிக்கு மேனேஜராக வந்து 2017, 2018 இரண்டு வருடமும் கோப்பை வாங்கிக் கொடுத்தார். 2019இல் கார்டினல்ஸின் பயிற்சியாளர் குழுவில் சேர்ந்து, ஆட்டக்காரராக ஒரு மாதம்கூடச் சரியாக நிலைக்காத மேஜர் லீகில் பயிற்சியாளராக நிலைத்தார்.

இது தற்செயல் இல்லை. டிரிபிள்-ஏ அணியில் 21 வயதுப் பையன்கள் நடுவில் ஒரு 34 வயதுக்காரரை அணி வைத்திருப்பது அவர் அடிக்கும் ஹோம் ரன்னுக்காக மட்டும் அல்ல. பத்து ஆட்டம் ஹிட் இல்லாமல் போனால் என்ன செய்வது, கீழே அனுப்பப்பட்ட மறுநாள் மைதானத்துக்கு எப்படி வருவது, காலை நாலு மணிக்குப் பேருந்தில் இறங்கி இரவு ஆட்டத்துக்கு உடம்பை எப்படித் தயார் செய்வது என்பதெல்லாம் அந்தப் பையன்கள் அவரைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். முதல் சுற்றில் எடுத்து நேராக மேலே போனவருக்கு இது எதுவுமே தெரியாது. நான் பயிற்சியாளர் தேடும் இடத்தில் இருந்தால் முதலில் இப்படிப்பட்டவர்களைத்தான் அழைப்பேன்.

இன்று உள்ளே வருகிறவனுக்கு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2014இல் முன்னாள் மைனர் லீக் வீரர்கள் சம்பளம் பற்றித் தொடுத்த வழக்கு 2022இல் 185 மில்லியன் டாலர் சமரசத்தில் முடிந்தது. அதே வருடம் முதல் தங்குமிடம் அணியின் பொறுப்பு. 2022 செப்டம்பரில் மேஜர் லீக் வீரர்களின் சங்கம் மைனர் லீக் வீரர்களையும் சேர்த்துக்கொண்டது, 2023 மார்ச்சில் முதல் ஒப்பந்தம் வந்தது. அதன்படி 2023இல் டிரிபிள்-ஏயில் வருடத்துக்குக் குறைந்தது 35,800 டாலர், டபுள்-ஏயில் 30,250 டாலர். முன்பு இது 17,500ம் 13,800ம்தான். மறுபக்கம், 2021இல் மைனர் லீக் அணிகளின் எண்ணிக்கையை 120ஆகக் குறைத்துவிட்டார்கள், நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்கள் இணைப்பை இழந்தன. சம்பளம் கூடிய அதே காலத்தில் இடம் குறைந்திருக்கிறது, அதன் பாரம் 15வது சுற்றுக்காரன் மேல்தான் விழும். இருபது வருடம் கீழேயே ஆடி 433ஐத் தாண்ட இனி ஒருவருக்கு அணிகள் பொறுமை காட்டுமா என்றால், காட்டாது என்றே நினைக்கிறேன். 26 வயதுக்குள் மேலே நிலைக்காதவனை விட்டுவிட்டு இளையவனை எடுப்பதுதான் இப்போதைய கணக்கு.

ஹெஸ்மன் 2015 பருவத்தோடு ஆட்டத்தை நிறுத்தினார். அதன்பின் டைகர்ஸ் அமைப்பிலேயே பேட்டிங் பயிற்சியாளராகச் சேர்ந்து, டொலீடோவுக்குப் போகும் பையன்களுக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்.